சும்மா என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவள்

ஒரு பெண் ஒரு காரியமும் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியில் போகலாம் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் எங்கள் ஊர் நர்ஸ் அக்கா. காரியம் இல்லாமல் என்றால் கடைக்கு இல்லை, கோயிலுக்கு இல்லை, துக்கம் கேட்க இல்லை. சும்மா. ஆற்றைப் பார்க்க, வெயிலில் நிற்க, மடையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார. இன்றைக்கும் நான் நடக்கிறேன் என்றால் அந்தப் புண்ணியம் அவளுக்குத்தான் சேரும். என்னை நம்பவைத்துக் கழுத்தை அறுத்ததும் அவள்தான். இரண்டையும் ஒரே ஆள் செய்ததால்தான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் போடி என்று துடைத்துப்போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவில், ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. பெரிய காவேரி இல்லை. நீடாமங்கலத்தில் பிரித்துவிடுகிற தண்ணீரில் எங்கள் பங்குக்கு வருகிற ஒரு கிளை. பாதி வருஷம் தண்ணீர், மீதி வருஷம் மணல். கல்யாணமாகி மருதாணி நிறம் போவதற்குள் என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். அப்போது ஊரே அப்படித்தான். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆண்பிள்ளைகள் பம்பாய்க்குப் போய், அங்கிருந்து அரபு நாட்டுக்குப் போனார்கள். ஓட்டு வீடெல்லாம் மெத்தை வீடானது, தெருவுக்கு கேபிள் டி.வி. வந்தது. வீட்டுக்கு ஒரு மருமகள் ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தாவரவியல் படித்து பி.எட்.டும் முடித்தவள். கல் நன்றாகப் பொறுக்குவேன்.

அத்தையைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான். கொல்லைப்பக்கம் போனால்கூட "எங்க போறே?" என்பாள். "துணி காயப் போடத்தான் அத்தை." "அதுக்கு இவ்ளோ நேரமா?" இதுதான் எங்கள் வீட்டின் சுப்ரபாதம்.

நர்ஸ் அக்கா எங்கள் தெருக்கோடியில் இருந்த துணை சுகாதார நிலையத்தில் குடியிருந்தாள். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். புருஷன் சின்ன வயசிலேயே தவறிவிட்டார், ஒரே மகள் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் படித்தாள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவளாக இருப்பாள். கிராமம் கிராமமாக சைக்கிளிலும் வரப்பிலுமாகச் சுற்றுகிற உத்தியோகம். வாரத்துக்கு ஒரு தடவை அத்தைக்கு பிரஷர் பார்க்க வருவாள். அப்படி ஒரு நாள் வந்தவள், முறத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு அத்தையிடம் கேட்டாள்.

"அம்மா, உங்க மருமவளை என்கூட அனுப்புங்களேன். சொட்டு மருந்து போடப் போறேன். படிச்ச பொண்ணு ஒண்ணு கூட இருந்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும்."

அத்தை ஒரு நிமிஷம் அக்காவின் முகத்தையே பார்த்தாள். பிறகு "சரி, கூட்டிட்டுப் போங்க. உங்க பொறுப்பு" என்றாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கொல்லைக்குப் போனாலே கணக்குக் கேட்கிறவள் எப்படி இவ்வளவு சுலபத்தில் விட்டாள் என்று நான் யோசிக்கவே இல்லை. அத்தைக்கு அக்காவைப் பிடித்திருக்கிறது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மருந்து போடுகிற வேலை உச்சிவெயிலுக்குள் முடிந்துவிடும். திரும்பும்போது அக்கா ரோட்டுக்கு வர மாட்டாள். சைக்கிளை யார் வீட்டிலாவது போட்டுவிட்டு வாய்க்கால் கரையைப் பிடித்து ஆற்றில் இறங்குவாள். முதல் நாளே வழியில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வந்தார். "என்னம்மா, ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?" என்றார். நான் வாயைத் திறந்து, மருந்து போட வந்தோம், இந்த வழி கிட்டக்க, வெயில் அதிகமா இருக்கு என்று ஆரம்பித்தேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

"சும்மா போறோம்ணே" என்றாள்.

"சரி சரி, போயிட்டு வாங்க" என்று அவர் போயே போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை. அவர் தலை மறைந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, அவரு ஒரு பேச்சுக்குக் கேட்டாரு. நீ என்னமோ கோர்ட்டுக் கூண்டுல நின்னு வாக்குமூலம் குடுக்குற மாதிரி அடுக்குறியே! சும்மான்னு சொல்லு. சும்மாவுக்கு மேல ஒரு மனுஷன் கேள்வி கேக்க முடியாது."

அதைச் சொல்லிப் பழகவே எனக்கு ஒரு கோடை ஆனது. சும்மா என்று சொல்லும்போது முதலில் குரல் நடுங்கும். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு தானாக வந்தது. வெயிலில் குடை இல்லாமல் நடக்கப் பழகினேன். மணலில் கையால் குழி தோண்டி, ஊறி வருகிற தண்ணீர் தெளியும்வரை காத்திருந்து குடிக்கப் பழகினேன். ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு பாவாடையை மாரில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகினேன். அக்கா தண்ணீரில் இறங்கும் முன் கண்ணை மூடி ஒரு வரி ஜெபம் சொல்வாள். பிறகு எருமை மாதிரி தொப்பென்று விழுவாள். "பிடிச்சிருக்கேன், பயப்படாதே, பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே எப்போதோ கையை எடுத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையை உலர்த்திக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அக்கரையில் மேய்ந்த ஆடெல்லாம் நிமிர்ந்து பார்த்தன.

அவளுக்குச் செடி பெயரும் தெரியாது, பறவை பெயரும் தெரியாது. கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். மீன்கொத்திக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வெள்ளை உடுப்போடு தனியாக நிற்கிற கொக்குக்கு நைட் டியூட்டி நர்ஸ். நான் புத்தகத்தில் படித்த பெயரைச் சொல்லித் திருத்தினால், "அது உங்க காலேஜுல. இங்க அது இன்ஸ்பெக்டர்தான்" என்பாள். ஊருக்கு மேற்கே ஆறு வளைகிற இடத்தில் ஒரு மணல்திட்டு இருந்தது. ஒரு நாள் அதில் குட்டிக் குட்டியாகக் கால்தடம். நீர்நாயாக இருக்கும் என்றேன் நான். "இல்லடி, ஊர்ப் பூனையெல்லாம் நமக்குத் தெரியாம இங்க வந்து குளிச்சிட்டுப் போவுது" என்றாள் அக்கா. அதிலிருந்து அந்த இடத்துக்குப் பூனைக்கால் திட்டு என்று பெயர். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்தப் பெயர் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

அந்தத் திட்டில் உட்கார்ந்துதான் நான் பேசக் கற்றுக்கொண்டேன். வீட்டில் எனக்கு வாய் இருப்பதே மறந்துபோயிருந்தது. இந்தக் கல்யாணத்தில் எனக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை போன் ஒன்றுதான் என்று ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னேன். அவர் முகம் சில நாள் ஞாபகத்துக்கே வர மாட்டேன் என்கிறது என்றும் சொன்னேன். யாரிடம் சொல்ல முடியும் இதையெல்லாம்? அம்மாவிடம் சொன்னால் மாரடைப்பு வரும். அக்கா கேட்டுக்கொண்டாள். புத்தி சொல்லவில்லை. மணலை அள்ளி அள்ளி என் பாதத்தின் மேல் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. அரபு நாட்டில் வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் உள்ள மஸ்கட் பெண்டாட்டி, துபாய் பெண்டாட்டி எல்லோரும் அங்கே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எனக்குத் துணையாக அக்கா வருவாள். பூத்துக்காரப் பெண் நம் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓட வேண்டும். சாப்டியா, சாப்டேன், அங்க வெயிலா, இங்க வெயில், அதற்குள் நேரம் முடிந்துவிடும். வெளியில் பத்துக் காது இருக்கும்போது வேறு என்ன பேசுவது? நான் பேசி முடித்ததும் அவர் ஒவ்வொரு வாரமும், "நர்ஸம்மா இருக்காங்களா? குடு, அம்மாவோட பிரஷரைப் பத்திக் கேக்கணும்" என்பார். அக்கா உள்ளே போவாள். நான் வெளியில் வந்துவிடுவேன், கூண்டுக்குள் இரண்டு பேர் நிற்க இடம் கிடையாது. அக்கா கதவை நன்றாகச் சாத்திக்கொண்டு பேசுவாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் பெஞ்சிலிருந்து கையை ஆட்டுவேன்.

அட கடவுளே, நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. வாராவாரம் கையை ஆட்டியிருக்கிறேன்!

இரண்டாவது வருஷம் பங்குனியில் மன்னார்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைப்பதாக இருந்தது. என்னுடன் படித்த ஒருத்தி போனில் சொல்லி, அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில் போய் நேரில் பேசிவிட்டு வந்தேன். அந்தத் தலைமை ஆசிரியை வயசான கன்னிகாஸ்திரீ. "வகுப்புல உட்கார்ந்து போர்டுல இலை வரையுற டீச்சர் எங்ககிட்ட நிறைய இருக்காங்க. பிள்ளைங்களை வயல், வாய்க்கால்னு கூட்டிட்டுப் போய் செடியைத் தொட்டுக் காட்டுற ஆள் வேணும். நீங்க வெயிலுக்குப் பயப்பட மாட்டீங்களே?" என்று கேட்டார். நான் பயப்பட மாட்டேன் என்று சொன்னபோது எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. ஜூனில் வந்து சேரச் சொன்னார். பாவாடை தாவணி போட்ட ஒரு கூட்டத்தை வரிசையாக வரப்பில் நடக்கவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் சும்மா என்று கத்துவதை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்ட முதல் காரியம் அது. அதற்கு முன்னால் எல்லாம் மற்றவர்கள் எனக்காக ஆசைப்பட்டவை.

வீட்டில் சொல்லவில்லை. வைகாசியில் அவர் லீவில் வருவதாக இருந்தது. போனில் வேண்டாம் என்று சொல்வது சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டால் மனுஷன் இளகுவார் என்று ஒரு நம்பிக்கை. அவர் அப்படி ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதனால் அக்காவிடம் மட்டும், பூனைக்கால் திட்டில் வைத்துச் சொன்னேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கண் கலங்கியது பொய்யில்லை, அதை நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

"நல்ல காரியம்டி. அவரு வந்து நீயா சொல்ற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதே" என்றாள்.

வைகாசி பிறந்ததும் பள்ளிக்குப் போனேன், ஆர்டரை வாங்கிவர. தலைமை ஆசிரியை என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீங்க மஸ்கட் போறீங்களாமே? விசா வந்துடுச்சுன்னு உங்க மாமியார் வந்து சொல்லிட்டுப் போனாங்க. நாங்க வேற ஒருத்தரைப் போட்டுட்டோம்மா. நீங்களே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அத்தை மன்னார்குடிக்கே தனியாகப் போகாத மனுஷி. அவள் பஸ் ஏறி, பள்ளியை விசாரித்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு விசா வந்தது எனக்கே தெரியாது. திரும்பி வந்து வீட்டுக்குப் போகாமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவள் தோளில் விழுந்து அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"யாருடி சொல்லியிருப்பா?" என்றாள். "அந்த பூத்துக்காரப் பொண்ணு இருக்காளே, அவளுக்கு வாய் சும்மா இருக்காது. நீ உன் ஃப்ரெண்டுகிட்ட போன்ல பேசுனியே, அதை ஒட்டுக் கேட்டிருப்பா."

நான் நம்பினேன். நம்பாமல்? அந்த வாரம் பூத்துக்குப் போனபோது அந்தப் பெண் சிரித்தாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு பாவமும் அறியாத பெண்ணை எனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, அக்கா வழக்கம்போல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் வந்தார். பெட்டி நிறையச் சாமான், கையில் எனக்கு விசா. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று உண்மையாகவே நினைத்து வந்திருக்கிறார் மனுஷன். இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என்னைச் சமாதானம் செய்வதற்காகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க போறதுக்கு முன்னாடி உன் ஆத்தை எனக்கும் காட்டு. பூனைக்கால் திட்டுன்னு என்னமோ ஒரு இடம் இருக்காமே, அங்க போலாமா?"

ஆசையாகத்தான் கேட்டார். கையில் காப்பி டம்ளர் இருந்தது. கீழே வைத்தேன்.

"யாரு சொன்னாங்க?"

"அம்மாதான்..."

"அத்தைக்கு அந்தப் பேரு தெரியாது."

அவருக்குப் பொய் சொல்ல வராது. கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நர்ஸம்மாதான் சொல்லுவாங்க. நான்தான் கேட்டேன், நீ எப்படி இருக்கே, என்ன பேசுறேன்னு பார்த்துச் சொல்லுங்கன்னு. முதல்லேருந்தே. நீ தனியா இருக்கியேங்கிற கவலைதான், தப்பா எடுத்துக்காத. அம்மாவும் அதனாலதான் உன்னை அவங்ககூட அனுப்பினாங்க."

முதல்லேருந்தே. முறத்தை எடுத்து வைத்துவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேனே, அன்றையிலிருந்தே. நீச்சல் போயிருக்கிறது, இன்ஸ்பெக்டர் போயிருக்கிறது, நான் அழுதது போயிருக்கிறது. அவர் முகம் ஞாபகம் வரவில்லை என்று நான் சொன்னதுகூடப் போயிருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம்தான் போட்டோ ஸ்டூடியோவில் எடுத்த பெரிய படம் ஒன்று கூரியரில் வந்தது. நான் ஒரு முட்டாள், அதைப் பார்த்து மனசுக்கு மனசு தெரிந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். அத்தை என்னைப் பால் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள் என்றேனே, அது நேரில் தெரிந்த காவல். என் கூடவே நடந்து, என் கையைப் பிடித்து நீந்தக் கற்றுக்கொடுத்தது தெரியாத காவல்.

அந்த வருஷம் தண்ணீர் தாமதமாக வந்தது. மேட்டூர் திறந்த செய்தி ரேடியோவில் வந்து, பிறகு நீடாமங்கலம் தாண்டிவிட்டது என்று பஸ் கண்டக்டர்கள் சொல்லி, ஊர் ஆற்றங்கரைக்குக் கிளம்பியது. எங்கள் பக்கத்தில் முதல் தண்ணீரைப் பார்க்கப் போவது ஒரு திருவிழா. மஞ்சளும் பூவும் எடுத்துக்கொண்டு போவார்கள். நானும் அக்காவும் மட்டும் முந்தின வருஷம் கரையில் நிற்காமல், காய்ந்த மணலில் மேற்கே நடந்து போய்த் தண்ணீரை எதிர்கொண்டு, அது பின்னாலேயே வர, அதற்கு முன்னால் நடந்து ஊர் திரும்பியிருந்தோம். அந்த நினைப்பில் அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"வாடி, தண்ணி வருது!"

நான் போனேன். இரண்டு பேரும் மேற்கே நடந்தோம். பூனைக்கால் திட்டில் நின்றேன்.

"இந்த இடத்தோட பேரை எங்க வீட்டுக்காரருக்கு யாருக்கா சொன்னது?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மழுப்பவும் இல்லை. மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொல்லலன்னா உன்னை வாசப்படி தாண்ட விட்டிருப்பாங்களா? அந்த வீட்ல கேட்டுதானே உன்னை வாங்குனேன். வாராவாரம் ரெண்டு வார்த்தை சொல்றேன்னு முன்னாடியே ஒத்துக்கிட்டுதான் கூட்டிட்டு வந்தேன். நீ அந்த ஜன்னல்கிட்ட உக்காந்திருந்ததைப் பார்த்தேன், எனக்கு மனசு கேக்கல. வேற வழி தெரியலடி."

"சரி. நீச்சலைச் சொன்னீங்க, பூனையைச் சொன்னீங்க. வேலையை ஏன் சொன்னீங்க?"

"அவரு நேரடியாக் கேட்டாரு. அவ என்கிட்ட ஏதாச்சும் மறைக்கிறாளான்னு. பொய் சொல்ல எனக்கு வாய் வரல."

"என்கிட்ட வந்துச்சே!" என்று கத்தினேன். "யாருடி சொல்லியிருப்பான்னு என் முதுகைத் தடவிக்கிட்டே கேட்டீங்களே, அப்ப வந்துச்சே வாய்! அந்த பூத்துக்காரப் பொண்ணு மேல பழி போட வந்துச்சே!"

 அக்கா மணலை அள்ளினாள், போட்டாள், அள்ளினாள். அதற்குள் மேற்கே காக்கையும் நாரையும் கூட்டமாகப் பறந்து பறந்து இறங்குவது தெரிந்தது. தண்ணீருக்கு முன்னால் ஓடிவருகிற பூச்சியைக் கொத்தத்தான் அவை வரும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரே வந்தது, நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாக, மணல் உறிஞ்ச உறிஞ்ச மெதுவாக. முந்தின வருஷம் அதைப் பார்த்து நான் குதித்தேன். இந்தத் தடவை கரையேறிவிட்டேன். அக்கா கணுக்கால் நனைய அங்கேயே நின்றாள். "ஏய், நில்லுடி, சேர்ந்து போலாம்" என்று கூப்பிட்டாள். நான் ரோட்டு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஆடியில் மஸ்கட் போனோம். ஏ.சி. ஓடுகிற ஒரு அறையில் ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டு பல வருஷம் இருந்தேன். ஒரு மகள் பிறந்தாள். அவர் நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டார், அதைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். அவர் கேட்டார், அது புருஷன் செய்கிற அசட்டுத்தனம். அவரிடம் நான் மனசைத் திறந்ததில்லை, அதனால் அவர் உடைத்ததாகவும் இல்லை.

கதையெல்லாம் கேட்டு வளர்ந்த என் மகள் அக்கா பக்கம்தான் பேசுவாள். "அம்மா, அவங்க அப்படிச் செய்யலன்னா நீ ஆத்தையே பார்த்திருக்க மாட்டே" என்பாள். உண்மைதான், யார் இல்லை என்றது? ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! இப்படி ஒரு நிபந்தனை இருக்குதுடி என்று முதல் நாளே சொல்லியிருந்தால், நாங்கள் இரண்டு பேருமாகத் திட்டில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்கு ஒரு கதை ஜோடித்திருப்போம். உங்க பெண்டாட்டி நாள் முழுக்க உங்களை நினைச்சு ஸ்தோத்திரம் படிக்கிறா என்று அவள் கூண்டுக்குள் அளந்துவிட, நான் வெளியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பேன். அவள் என்னை அந்த வீட்டிலிருந்து திருடிக்கொண்டு வந்திருந்தால் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். அனுமதி வாங்கிக் கூட்டிவந்துவிட்டு, திருடியதுபோல நடித்தாள். எனக்கு ஆறாதது அதுதான். யாரும் பார்க்காத இடம் என்று ஒன்று எனக்கு இருந்ததாக நினைத்திருந்தேன், அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

ஊரோடு வந்து சேர்ந்த பிறகு மறுபடி நடக்க ஆரம்பித்தேன். அத்தை போய்விட்டாள். பூனைக்கால் திட்டை லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், அந்த இடத்தில் இப்போது பள்ளமும் நாணலும்தான். இருந்தாலும் தினமும் சாயங்காலம் கொல்லைக் கதவு வழியாகப் போய்விடுவேன். அவருக்கு முழங்கால் வலி, கூட வர முடியாது. எங்கே என்று கேட்டால் சும்மா என்பேன்.

போன கோடையில் ஒரு சாயங்காலம் நான் திரும்பி வரும்போது வாசலில் கார் நின்றது. கூடத்தில் நர்ஸ் அக்கா உட்கார்ந்திருந்தாள், மகளோடு. தலை பஞ்சாக நரைத்து, உடம்பு வற்றி, கையில் ஊன்றுகோல். மகள் வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகப் போகிறாளாம், போகும் முன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். என் வீட்டுக்காரர் முகமெல்லாம் சிரிப்பாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னும் ஆத்துக்குப் போறியாடி?"

அந்தக் குரலில் இருந்த ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. அவள் கேட்டது தனக்காகத்தான். போகிறேன்க்கா, இப்பவும் இன்ஸ்பெக்டர் அதே கம்பியில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கிழவி அதை வெளிநாடுவரை கொண்டுபோயிருப்பாள்.

"இல்லக்கா. விட்டுட்டேன்" என்றேன்.

அவள் பார்வை கீழே போனது. என் பாதத்தில் ஈரமணல் கணுக்கால்வரை ஒட்டியிருந்தது. அவசரத்தில் கழுவ மறந்திருக்கிறேன். அக்கா அதை நன்றாகப் பார்த்தாள். பிறகு காப்பியைக் குடித்தாள்.

கிளம்பும்போது அவளைக் காரில் ஏற்றிவிட்டோம். என் வீட்டுக்காரர் ஜன்னலில் குனிந்து, விளையாட்டாகக் கேட்டார்.

"ஏன் நர்ஸம்மா, இவ தினமும் சாயங்காலம் எங்க போறான்னே எனக்குத் தெரியல. உங்ககிட்டயாவது சொன்னாளா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"எனக்கென்ன தெரியும்? அதை அவகிட்டதான் கேக்கணும்" என்றாள்.

எவ்வளவு சின்ன பதில். ஒரு மூச்சுக்கூடச் செலவாகவில்லை. அந்த பூத்தில், ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, இதைச் சொல்லியிருந்தால் போதும். என் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆத்திரத்தில்தான், வேறு எதற்கும் இல்லை என்று இப்போதும் சொல்வேன். கார் கண்ணாடி மேலே ஏறியது. உள்ளேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்து, அக்கா கையை ஆட்டினாள்.

நான் ஆட்டவில்லை.